கல்லில் மேயும் மீன்

மலைநாட்டில் பிறந்தவர்க்கு ஆறு என்பது கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும் பொருளாகும். கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலவைக் கடந்து, மடுல்கெல்லவை நோக்கி ஏறும் பாதையில் சென்றோர் இதனை அறிவர். ஒரு புறம் தேயிலைச் சரிவு. மறு புறம் பள்ளத்தாக்கு. அப்பால் முகில் மூடிய நக்கிள்ஸ் மலைத்தொடர். ஆறு எங்கே என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே, கீழே எங்கோ கற்களின்மீது நீர் மோதும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அதுவே ஹுலு கங்கை. நக்கிள்ஸ் மலையில் விழும் மழையைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, மகாவலியின் நீரோடு அது கலக்கிறது.

அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்த நாம், ஆற்றைப்பற்றி அறியவேண்டியவற்றையெல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதை நமக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன்.

நம் கல்லூரியில் ஒரு நாள் இலங்கையின் ஆறுகளைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ஆற்றிலிருந்து ஆற்று மீனுக்குச் சென்றது. மகாவலியில் ஒரு மீன் அருகி வருகிறது என்றும், அது இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்றும் கூறினோம். பின்வரிசையிலிருந்து அவன் எழுந்தான்.

"சேர், அந்த மீனை நாங்கள் கண்டதும் இல்லை, தின்றதும் இல்லை. அது அழிந்துபோனால் எங்களுக்கு என்ன நட்டம்?"

வகுப்பு நகைத்தது. நமக்கு நகைப்பு வரவில்லை. கேள்வி நேர்மையானது. பாட நூலில் இருந்ததை எடுத்து ஏதோ ஒரு விடை கூறினோம், மணியும் அடித்தது. ஆயினும் நாம் கூறிய விடை அவனுக்குப் போதவில்லை என்பதை அவன் முகமே காட்டியது. வீடு திரும்பியபின் எண்ணிப் பார்த்தோம். நமக்கும் அது போதவில்லை. இக்கட்டுரை அம்மாணவனுக்குச் சற்றுத் தாமதமாக நாம் எழுதும் விடை என்று கொள்க.

அந்த மீனைச் சிங்கள மக்கள் கடயா என்று அழைப்பர். அறிவியல் நூலோர் அதற்கு வழங்கும் பெயர் லேபியோ பிஷெரி. 1917ஆம் ஆண்டில் டேவிட் ஸ்டார் ஜோர்டன், எட்வின் ஸ்டார்க்ஸ் என்னும் அமெரிக்க மீனியல் அறிஞர் இருவர் இதனைப் புதிய இனமாக உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் ஆராய்ந்த மீன் நம் கண்டியிலிருந்து பெறப்பட்டதாகும். சந்தையில் நாம் காணும் ரோகு மீன் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் ரோகு இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நம் நீர்த்தேக்கங்களில் விடப்பட்ட விருந்தாளி. கடயாவோ இம்மண்ணின் பழங்குடி. மகாவலியின் நீர்ப்பரப்பே அதற்கு உலகம்.

பசுமை கலந்த கருநிற உடல். ஏறத்தாழ ஓர் அடி நீளம். தடித்த உதடுகள் கொண்ட வாய் முகத்தின் கீழ்ப்புறமாக அமைந்திருக்கும். இவ்வாய் ஏன் கீழ்நோக்கி அமைந்தது? விரைந்தோடும் ஆற்றின் நடுவே கிடக்கும் பாறைகளின்மேல் மெல்லிய பாசி படரும். அப்பாசியைச் சுரண்டி உண்பதே இதன் தொழில். ஆடு புல்லை மேய்வதுபோல இது கல்லை மேய்கிறது. ஆகவே இதற்கு வேண்டியவை மிகச் சில: ஓடும் நீர், பெரிய கற்கள், கற்களுக்கிடையே பதுங்குவதற்கு ஆழமான மடு, பாசி வளர்வதற்குக் கதிரவன் ஒளி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இதற்கு வாழ்வில்லை.

நம் புராணங்களில் மீனைப்பற்றிய கதை ஒன்று உண்டு. மனு நீராடுவதற்காகக் கையில் நீரை அள்ளினான். அதில் ஒரு சிறு மீன் இருந்தது. "என்னைக் காப்பாற்று, பின்னொரு நாள் நான் உன்னைக் காப்பாற்றுவேன்" என்று அது வேண்டியது. மனு அதனைக் கலத்தில் இட்டான். கலம் போதாமல் அது வளர்ந்தது. குளத்தில் விட்டான், குளமும் போதவில்லை. ஆற்றில் விட்டான், பின்பு கடலில் விட்டான். ஊழி வெள்ளம் வந்தபோது அந்த மீனே மனுவின் ஓடத்தை இழுத்துச் சென்று கரை சேர்த்தது. திருமாலின் முதல் அவதாரம் என்று நாம் சிறுவயதிலே கேட்ட கதை இது.

இக்கதையில் மீனுக்கு வேண்டியது மேலும் மேலும் பெரிய நீர். கடயாவின் கதையோ இதற்கு நேர்மாறானது. அதற்கு மிகப் பெரிய நீரைக் கொடுத்தோம். அதனாலேயே அதன் வீடு பறிபோயிற்று.

அது நிகழ்ந்த வகை இது. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து நீரின் ஒரு பகுதி சுரங்கம் வழியாக வடக்கே திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. உயரம் 122 மீட்டர். அதைத் தொடர்ந்து 1986இல் ரந்தெனிகலவும், 1990இல் ரந்தம்பேயும் எழுந்தன. கற்களின்மேல் பாய்ந்து நுரைத்த மகாவலி, மைல் கணக்கான தூரத்துக்கு அசையாத நீர்ப்பரப்பாக மாறியது. மேயும் கற்கள் ஒளி புகாத ஆழத்தில் மூழ்கின. அணைக்குக் கீழேயோ வேறொரு துன்பம். நீர் சுரங்கத்தினூடே மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படுவதால், இடையே உள்ள பழைய ஆற்றுப் படுகைக்கு முன்னைய ஓட்டம் கிடைப்பதில்லை. அணைக்கு மேலே நீர் ஓடவில்லை. அணைக்குக் கீழே ஓடுவதற்கு நீர் இல்லை.

நீர்த்தேக்கத்தில் மீனே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று ஏழைகளின் உணவாக எங்கும் பெருகியிருக்கிறது. மீன்பிடிக் கணக்கைப் பார்ப்பவர், ஆற்றில் மீன் கூடிவிட்டது என்றே கூறுவர். ஆனால் எண்ணிக்கை வேறு, இனம் வேறு. ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று இடாப்புக் கூறலாம். வழக்கமாக முன்வரிசையில் அமரும் ஒருவன் ஏன் வரவில்லை என்பதை அந்த எண் கூறாது.

அணைகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. விக்டோரியா மின்நிலையத்தின் ஆற்றல் 210 மெகாவாட். நம் பிள்ளைகள் படிக்கும் மேசையில் எரியும் விளக்கும், நோயாளியின் கட்டிலருகே சுழலும் விசிறியும் அந்நீரின் கொடையே. உலர்ந்த வயல்களுக்கும் அது நீர் தந்தது. இதற்காக மனிதரும் விலை கொடுத்தனர். பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. பல்லாயிரம் மக்கள் தம் ஊரை விட்டு அகன்றனர். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் கட்டடச் சிதைவுகள் வெளியே தெரிவதுண்டு. அவற்றைப் பார்க்கச் செல்லும் முதியோர் சிலர் பேச்சின்றித் திரும்புவர். அம்மக்களுக்குப் புதிய தெல்தெனிய என்று ஓர் ஊரை அமைத்துக் கொடுக்க முடிந்தது. மீனுக்குப் புதிய ஆறு ஒன்றை அமைத்துக் கொடுக்க எவராலும் இயலாது. அதனாலேதான், எஞ்சியிருக்கும் ஓடும் நீரையாவது நாம் காக்கவேண்டும்.

எஞ்சிய நீர் எங்கே உள்ளது? அணைகளுக்கு இடையேயும், கண்டியையும் பேராதனையையும் சுற்றி வளைந்தோடும் மகாவலியிலும், கிளையாறுகளிலும் உள்ளது. அங்கும் கடயாவுக்கு அமைதியில்லை. நகரத்துக் கழிவு, வெடி வைத்து மீன் பிடிப்பவர், நஞ்சு கலப்பவர், மலையிலிருந்து இறங்கும் சேறு என்று பகை பல. வெடிக்கும் நஞ்சுக்கும் பெரிய மீன், குஞ்சு என்ற வேற்றுமை இல்லை. மடுவில் உள்ள அனைத்தும் ஒருங்கே மடியும்.

இவ்விடத்தில் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பாடசாலை விடுமுறை. தோழர் மூவராக ஆற்றில் ஒரு மடுவுக்குச் சென்றோம். ஒருவன் பழைய மருந்துப் போத்தல் ஒன்றில் பூச்சிக்கொல்லி சிறிது கொண்டுவந்திருந்தான். மடுவின் தலைப்பில் அதனை ஊற்றினோம். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் நீருக்குள் வெள்ளி நாணயங்களைச் சிதறியதுபோல மின்னல் மின்னலாகத் தோன்றிற்று. மீன்கள் வயிறு மேலாகப் புரண்டு மிதக்கத் தொடங்கின. விரல் நீளக் குஞ்சுகளும், கல்லோடு ஒட்டி வாழும் சிறு மீன்களும் கணக்கின்றி மிதந்து சென்றன. கையளவு உள்ளவற்றை மாத்திரம் பொறுக்கி, தேக்கிலையில் சுற்றிக்கொண்டு, வெற்றி வீரர்போல் வீடு சேர்ந்தோம்.

அன்னையார் இலையைப் பிரித்துப் பார்த்தார். தூண்டில் முள் பட்ட அடையாளம் ஒரு மீனிலும் இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"மருந்து ஊத்தினீங்களாடா?"

நாம் வாய் திறக்கவில்லை.

"கீழ லயத்துச் சனம் இந்தத் தண்ணியிலதானே குளிக்குது? புள்ளைங்க வாய் கொப்புளிக்குது. அது உனக்கு ஞாபகம் வரலையா?"

அவர் நம்மை அடிக்கவில்லை. மீன்களை வீட்டின் பின்புறம் எடுத்துச் சென்று, நாயும் கோழியும் தீண்டாதபடி ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். பின்பு சேலையைச் செருகிக்கொண்டு, அந்தி சாயும் வேளையில், ஒற்றையடிப் பாதையில் கீழ் லயம் வரை நடந்தார். அன்று எவரும் ஆற்றில் இறங்கவேண்டாம் என்று வீடு வீடாகக் கூறிவிட்டு இருட்டியபின் திரும்பினார். யார் செய்தது என்று கேட்டவர்க்கு, "என் மகன்தான்" என்று கூறினாராம். தெய்வாதீனமாக ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அந்த வாரம் முழுவதும் கீழ் லயத்தைக் கடந்து செல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

அன்று மிதந்துபோன குஞ்சுகள் எந்த இனம் என்று நமக்குத் தெரியாது. பெயர் தெரியாமலே அவற்றைக் கொன்றோம். நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் தடை செய்கிறது. எனினும் மடுவின் கரையில் நின்று காவல் புரியச் சட்டத்தால் இயலுமா? ஊரில் ஒரு தாய்க்கு உள்ள அறிவும் துணிவும் அங்கே காவல் நிற்கவேண்டும்.

நஞ்சு ஒரு நாளில் கொல்வது. சேறு பல ஆண்டுகளில் கொல்வது. இந்தச் சேற்றின் கதை நம் மூதாதையரின் கதையோடு பின்னியது. 19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளில் காடழித்துக் கோப்பி நடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கால்நடையாக வந்து சேர்ந்தது அதற்காகவே. 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் கோப்பி மடிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காடு தாங்கிய மழையை அன்றுமுதல் வெறும் மண் தாங்கவேண்டியதாயிற்று.

ஆனால் நம் முன்னோரிடம் ஒரு வித்தை இருந்தது. தோட்டத்தில் வாழ்ந்தோர் அனைவரும் அறிந்த 'கான் வெட்டு'தான் அது. மலைச்சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, ஓடிவரும் மழைநீரைத் தடுத்து, அதிலுள்ள மண் தங்கியபின் நீரை மாத்திரம் மெல்லக் கீழே விடுவர். நிரம்பிய கானைத் தூர் வாரி, மண்ணை மீண்டும் செடியடியில் இடுவர். கவ்வாத்து வெட்டிய மலையில் இது மிகவும் இன்றியமையாதது. நிழலிழந்த மண் முதல் மழையிலேயே கரைந்துவிடும். மண்வெட்டியோடு மழையில் நனைந்து கான் வெட்டிய பாட்டன்மார் மகாவலி மீனைப்பற்றி எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் மீன் மேயும் கல்லைத் துடைத்து வைத்தவர்கள் அவர்களே. இன்று பல இடங்களில் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும், சரிவிலே மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டிய மரக்கறித் தோட்டங்களிலும் மண் நிற்பதில்லை. பெருமழை பெய்த மறுநாள் ஹுலு கங்கை தேநீர் நிறத்தில் ஓடுவதைக் காணும்போது, நம் மலை நம் கண்முன்னே கடலுக்குப் போகிறது என்று உணர்க.

அம்மாணவனின் கேள்விக்கு இப்போது வருவோம். மீன் அழிந்தால் நமக்கு என்ன நட்டம்?

கல்லின்மேல் சேறு படிந்தால் பாசி மூடப்படும். பாசி மூடப்பட்டால் கடயா பட்டினி கிடக்கும். அதே சேறுதான் நீர்த்தேக்கத்தின் அடியிலும் படிகிறது. பொல்கொல்ல நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும் பங்கை வண்டல் விழுங்கியதை நாடறியும். தேக்கம் தூர்ந்தால் விளக்குக்கும் வயலுக்கும் குறைவு. மலையில் மண் போனால் கொழுந்துக்குக் குறைவு. கொழுந்து குறைந்தால் நம் வீட்டு அடுப்புக்குக் குறைவு. ஆகவே மீன் இறந்ததனால் நமக்கு நட்டம் வருகிறது என்று கூறுவதைவிட, நமக்கு வந்துகொண்டிருக்கும் நட்டத்தை மீன் முன்னதாகவே அறிவிக்கிறது என்று கூறுவதே பொருந்தும். தீர்ப்புக்கு முன் சாட்சியை இழந்தவன் வழக்கில் வெல்வதில்லை.

இது நட்டக் கணக்கின் விடை. இதற்கும் மேலாக ஒன்று உண்டு. இலங்கையின் நன்னீர் மீன்களில் 50க்கும் மேற்பட்ட இனங்கள் இத்தீவுக்கே உரியவை. உலகில் எத்தனை செல்வம் கொடுத்தாலும் அவற்றை வேறு நாட்டிலிருந்து வாங்கிவர முடியாது. வேறெவரிடமும் இல்லாத ஒரு பொருளைத் தந்தை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றால், அது பயன் தருமா என்று கேட்டபின்தானா அதனைக் காப்போம்?

காக்க முடியுமா என்ற ஐயம் வேண்டா. கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமட என்னும் ஊர் உண்டு. பண்டுல பெத்தியா என்னும் சிறு செந்நிற மீன், உலகிலேயே அவ்வூர்ப் பக்கத்துச் சிற்றோடை ஒன்றில் மாத்திரம் வாழ்வதாக 1991இல் அறிவிக்கப்பட்டது. வயல்களையும் வீட்டுத் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்லும் அவ்வோடையைக் காவலரண் கட்டிக் காக்க இயலாது. ஊர் மக்களே முன்வந்தனர். வயலுக்கு அடிக்கும் மருந்தில் கவனம் காட்டினர். கரையில் செடிகள் நடப்பட்டன. ஓர் ஓடைக்கு இடர் நேர்ந்தாலும் இனம் பிழைக்கவேண்டும் என்று சில மீன்கள் வேறோர் ஓடையிலும் விடப்பட்டன. அழிவின் வாயிலில் நின்ற மீன் மீண்டும் பெருகியது. தென்னிந்தியாவில் சிருங்கேரிக்குச் சென்றோர் துங்கை ஆற்றுப் படித்துறையில் பெரிய மீன்கள் அச்சமின்றி நீந்துவதைக் கண்டிருப்பர். கோயில் படித்துறை என்பதனால் அங்கே எவரும் வலை வீசுவதில்லை. ஓர் இடத்தில் அறிவு காத்தது; ஓர் இடத்தில் பக்தி காத்தது. இரண்டும் உள்ள நம்மால் ஏன் இயலாது?

நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுச் சொத்தாகவும் ஏற்கப்பட்டது. ஆற்றின் தலை காக்கப்பட்டிருக்கிறது. தலைக்கும் மகாவலிக்கும் இடையே உள்ள உடல் நம் தோட்டங்களும் நம் ஊர்களுமாகும். கரையோரத்து மூங்கிலையும் கும்புக் மரத்தையும் வெட்டாதிருத்தல், வீட்டுப் பின்புறத்துக் கானைத் தூர் வாருதல், மருந்துப் போத்தலை ஆற்றில் கழுவாதிருத்தல் ஆகிய இவற்றுக்கு அரசின் ஆணையும் வேண்டா, பெரும் பொருளும் வேண்டா.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, அம்மாணவனையும் அவன் தோழரையும் ஹுலு கங்கைக்கு அழைத்துச் சென்றோம். முன்னர் நாம் நஞ்சு ஊற்றிய மடுவின் கரையில் நின்று, மேலே கூறிய கதையை அவர்களிடம் மறைக்காமல் கூறினோம். ஆசிரியர் தம் குற்றத்தைக் கூறக் கேட்பது அவர்களுக்குப் புதிது, எவரும் நகைக்கவில்லை. கடயாவை அன்று நாம் காணவில்லை. காண்போம் என்று எதிர்பார்த்துச் செல்லவுமில்லை. கற்களைக் காட்டவே சென்றோம்.

அவன் நீரில் இறங்கி இரண்டு கற்களை எடுத்து வந்தான். ஒன்று நடு ஓட்டத்தில் கிடந்தது. தடவினால் வழுக்கும் பசிய பாசி அதன்மேல் படர்ந்திருந்தது. மற்றொன்று தோட்டத்துக் கான் ஒன்று வந்து விழும் இடத்தில் கிடந்தது. விரல் நுனி அளவுக்குச் சேறு அதனை மூடியிருந்தது. இரண்டையும் இரு கைகளில் ஏந்திச் சிறிது நேரம் பார்த்தான்.

"இதில் மேய ஒன்றும் இல்லையே, சேர்" என்றான்.

பின்பு சேறு படிந்த கல்லை ஓட்டத்தில் அமிழ்த்தி, உள்ளங்கையால் தேய்த்துக் கழுவினான். கழுவிய கல்லைப் பசிய கல்லின் அருகிலேயே வைத்துவிட்டுக் கரையேறினான். ஒரு கல்லைக் கழுவுவதால் ஆறு தூய்மையாகிவிடாது என்பது அவனுக்கும் தெரியும். அடுத்த வாரம் அவன் தன் தந்தையாரோடு வீட்டுப் பின்புறத்துக் கானைத் தூர் வாரியதாகக் கூறினான்.